ஏர் எடுத்தல்

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் 'ஏர் எடுப்பது' என்றொரு தொடர் வழங்குகிறது. தமிழ் படித்தவர்களின் காதில் அது முதலில் கலப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவதாகத்தான் விழும். பட்டறைக்காரர்களோ, வண்டியின் பிரேக் குழாய்களுக்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றும் வேலையை அப்படிச் சொல்கிறார்கள். எங்களில் ஒருத்தி இருபது ஆண்டுகள் தமிழ் கற்பித்தும், ஒருவன் எட்டு ஆண்டுகள் வண்டி ஓட்டியும், அந்த வேலையைக் கையால் செய்கிறவரை அச்சொல்லின் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் வீட்டு வாசலில், காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை அது விளங்கியது.

'நாங்கள்' என்பது இங்கே அக்காளும் தம்பியுமான இருவர். மூத்தவள் நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் விரிவுரையாளர். இளையவன் அப்பாவின் பிக்கப் வண்டியை ஓட்டுகிறவன். இதை எழுதும் கை மூத்தவளுடையதுதான் என்றாலும் நடந்தவற்றில் சரிபாதி இளையவனுக்குச் சொந்தம். அவன் படித்துத் திருத்திய பிறகே இது அச்சேறுகிறது. ஆகவே 'நான்' என்று எழுத மனம் வரவில்லை.

நாமக்கல் லாரிகளின் ஊர். நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் பாடி கட்டும் பட்டறைகள். வெல்டிங் பொறியும் புதுப் பெயின்ட் வாடையும் இல்லாத நாள் கிடையாது. ஆனால் அப்பா லாரி வைத்திருந்தவர் அல்லர். கொல்லிமலையிலிருந்து பலாவும் அன்னாசியும் வாழையும் ஏற்றிவந்து கீழே மண்டிகளில் இறக்கும் சிறு வியாபாரி. 2002ஆம் ஆண்டு கடன் வாங்கி ஒரு பிக்கப் எடுத்தார். மூத்தவளின் முதுகலைப் படிப்புக்கும் இளையவனின் பாலிடெக்னிக் படிப்புக்கும் அந்த வண்டிதான் பணம் கட்டியது. 2017இல் பார்வை மங்கி அப்பா ஓட்டுவதை நிறுத்தியபோது, சாவி இளையவன் கைக்கு வந்தது.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை கொண்டை ஊசி வளைவுகள் 70. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று வகுப்பில் சொல்கிறவளுக்கு அது ஒரு பாடம்; பாரத்தோடு இறங்குகிறவனுக்கு அது எழுபது தனித்தனிக் கணக்கு. ஏறும்போது எஞ்சின் உழைக்கிறது. இறங்கும்போது ஓட்டுகிறவனின் அறிவு உழைக்க வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலையோட்டிகளின் பால பாடம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களும் இல்லாமல் இல்லை. அப்பாவுக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் ஆகாது.

*

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி துறை அறைக்கு வெளியே காத்திருந்தாள். மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். அவளுடைய தகப்பனார் எங்கள் வண்டிக்குப் பலா வெட்டி ஏற்றிக்கொடுப்பவர்; பாரத்தோடு கீழே வந்து இறக்கிவிட்டு மாலைப் பேருந்தில் மலையேறுவார். பதினைந்து வருடப் பழக்கம்.

"அப்பா இனிமே உங்க வண்டியில வரமாட்டாருங்க மேடம். நேர்ல சொல்லச் சங்கடப்படறாரு."

"ஏம்மா, கூலியில எதும் பிரச்சனையா?"

"அதெல்லாம் இல்லீங்க. உங்க தம்பிகிட்டயே கேட்டுக்கங்க மேடம்."

அன்றிரவு கேட்டபோது, இளையவன் முதலில் ஒன்றுமில்லை என்றான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அப்பா உறங்கிவிட்டாரா என்று பார்த்துக்கொண்டு, பிறகு சொன்னான்.

மூன்று வாரங்களுக்கு முன் நடந்தது அது. பலாப்பழ பாரம். மேலே பாரத்தின்மீது இரண்டு ஆட்கள். முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்ததால் வழி நெடுக பிரேக்கைத் தொட்டுத் தொட்டே இறங்க வேண்டியிருந்தது. கீழே பத்துப் பன்னிரண்டு வளைவுகள் மிச்சம் இருந்தபோது பெடல் மெத்தென்றது. அடுத்த வளைவில் இன்னும் ஆழம் போனது. அதற்கடுத்ததில் மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் உள்ளே போய்த் தரையைத் தொட்டது. அவன் இரண்டாம் கியருக்கும் பிறகு முதல் கியருக்கும் இறக்கி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து நீர்க்காலில் இடதுபுறச் சக்கரங்களை இறக்கி நிறுத்தியிருக்கிறான். மேலிருந்தவர்கள் குதித்துக் கல் எடுத்து வைத்திருக்கிறார்கள். யாருக்கும் காயமில்லை. இரண்டு பலாப்பழங்கள் உருண்டு பள்ளத்தில் போயின.

"அரை மணி நேரம் நின்னோம்க்கா. திரும்ப மிதிச்சுப் பாத்தா பிரேக் கல்லு மாதிரி நிக்குது. எதுவுமே நடக்காத மாதிரி. அதான் சரியாப் போச்சுன்னு நெனச்சேன்."

"அப்பறமும் பாரம் ஏத்துனியா?"

"நாலு நடை."

அவன் ஏன் சொல்லவில்லை என்று மூத்தவள் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. மூன்று ஆண்டுகளாக இந்த வீட்டில் அவள் சொல்லிவந்த ஒரே வாக்கியம், 'அந்த வண்டியை விற்றுவிடலாம்' என்பது. வண்டியில் ஒரு குறை என்று வாயெடுத்தால் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். குறையை மறைத்தவன் அவன் என்றால், மறைக்கும்படி செய்ததில் அவளுக்கும் பங்குண்டு. இதை அன்று இரவே ஒத்துக்கொண்டோம் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அன்று கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே படுத்தோம்.

*

மறுநாள் அப்பாவின் பழைய சிநேகிதரான மேஸ்திரியை அழைத்துவந்தோம். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக அவர் சம்மதிக்கவில்லை. "பிரேக்கு மேல சந்தேகம்னு சொல்லிட்டு அதை ஓட்டிக்கிட்டும் வர்றேங்கறீங்களே" என்று அவரே வாசலுக்கு வந்தார். பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியைக் கழற்றி, எங்கள் இருவரையும் எட்டிப்பார்க்கச் சொன்னார். புது ஆயில் வெளிர் மஞ்சளாக, நீர்த்த தேன்போல இருக்கும். எங்கள் கிண்ணத்தில் இருந்தது கடுங்காப்பி.

அவர் சொன்னதையும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே சுருக்கமாக எழுதுகிறோம். பெடலை மிதிக்கும் கால், சக்கரத்தை நேராகத் தொடுவதில்லை. மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டனைத்தான் அது தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைக் குழாய்களில் நிறைந்திருக்கும் திரவம் நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் கண்டு எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1663இல், அந்நூல் வெளிவந்தது. அதே விதியைக்கொண்டு 1795இல் ஜோசப் பிராமா நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1917இல் மால்கம் லாக்ஹீட் அதை மோட்டார் வண்டியின் பிரேக்குக்குக் கொண்டுவந்தார். 1921இல் டூசன்பெர்க் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் அது பொருத்தப்பட்டது. இத்தனை பேர் மூளையும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: திரவம் அமுங்காது.

காற்று அமுங்கும். குழாய்க்குள் ஒரு குமிழ் இருந்தாலும், மிதிக்கிற மிதியின் ஒரு பகுதி அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். சக்கரத்துக்குப் போய்ச் சேருவது மிச்சம்தான். கால் தரையைத் தொட்டிருக்கும், சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்.

"லாரியில காத்து இல்லீன்னா வண்டி நவுராது. இதுல காத்து இருந்தா வண்டி நிக்காது. அவ்வளவுதாங்க அம்மிணி வித்தியாசம்" என்றார் மேஸ்திரி. லாரிகளின் பிரேக்கில் காற்றழுத்தமே வேலைக்காரன். அழுத்தம் போதாவிட்டால் ஸ்பிரிங் வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறிய வண்டிகளில் அதே காற்று பகையாளி.

அன்று மலையில் நடந்தது காற்றினால்கூட அன்று, ஆவியினால். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ரப்பர் குழாய்களின் வழியாகவும் மூடியின் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் ஈரம் உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். 'டாட் 3' என்று குறிக்கப்படும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. அதில் சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140ஆக இறங்கிவிடுகிறது. 'டாட் 4' வகைக்கு இவை 230, 155. தொடர்ந்து பிரேக் போட்டபடி மலையிறங்கும் வண்டியில் 140 டிகிரி ஒரு பெரிய சூடு அன்று. ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவி, காற்றைப்போலவே, அமுங்குகிறது. பெடல் உள்ளே போகிறது. வண்டியை நிறுத்திச் சூடு தணிந்தால் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். பெடல் கல்லாகிவிடும். குற்றம் நடந்ததற்கு ஒரு தடயமும் இராது. இளையவன் ஏமாந்தது இப்படித்தான். கைப்பிரேக் கைகொடுத்ததற்கும் காரணம் உண்டு: அது ஆயிலை நம்பாமல் கம்பி வடத்தால் பின்சக்கரங்களை இழுத்துப் பிடிப்பது.

"கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க?" என்று மேஸ்திரி கேட்டார். இளையவன் குறையும்போதெல்லாம் ஊற்றியிருக்கிறான். குறைகிறதே, எங்கே போகிறது என்று கேட்டதில்லை. மாற்றியதும் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா, "அலமாரியில நோட்டு இருக்கு" என்றார். நீல அட்டை நோட்டு. டீசல், டயர், எஃப்.சி., கிரீஸ் என ஒவ்வொரு செலவும் தேதியோடு எழுதப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, தவறாமல், 'பிரேக் ஆயில் முழுசும் மாற்றம்' என்ற வரி. கடைசியாக அது எழுதப்பட்ட ஆண்டு 2016. சுவடிப் பதிப்பு பற்றி மாணவர்களுக்கு மணிக்கணக்கில் பேசுகிறவளும், அந்த நோட்டிலிருந்தே சோறு தின்கிறவனும், எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைத் திறந்ததில்லை.

*

சக்கரங்களைக் கழற்றிப் பார்த்ததில் ஆயில் போன வழியும் தெரிந்தது. பின்பக்க இடது சக்கரத்தின் வீல் சிலிண்டர் கசிந்து, டிரம்மின் உள்பக்கம் பிசுபிசுத்துக் கிடந்தது. புது சிலிண்டரும் புது லைனிங்கும் வாங்கிவந்து ஞாயிறு காலை மேஸ்திரியே மாட்டினார். சிலிண்டரைக் கழற்றிய அக்கணமே குழாய்க்குள் காற்று புகுந்துவிடும்; ஆக ஏர் எடுத்தே தீர வேண்டும். அந்த நேரம் பார்த்து, புறவழிச்சாலையில் ஒரு லாரி நின்றுவிட்டதென்று அவருக்குத் தொலைபேசி வந்தது. கையாள் பையன் ஆடிப் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தான்.

"ஏர் எடுக்க ரெண்டு ஆள் வேணும். நீங்க ரெண்டு பேரு இருக்கீங்கல்ல. அப்பா பக்கத்துல இருக்காரு. சாயந்தரம் வந்து நான் பாத்துடறேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, செய்முறையை இரண்டு தடவை சொல்லிக்காட்டிவிட்டுப் போனார்.

செய்முறை எளிது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால், பிரேக்கின் உச்சியில், நிப்பிள் என்றொரு சிறு திருகு இருக்கிறது. அதில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் அமிழ்த்திவிட வேண்டும். மேலே ஒருவர் பெடலை நிதானமாக மூன்று நான்கு முறை மிதித்து, கடைசி மிதியில் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துவார். ஆயிலும் காற்றும் குழாய் வழியே பாயும், பெடல் இறங்கும். கீழே நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே காலை எடுக்க வேண்டும். மூடும் முன் எடுத்துவிட்டால், வெளியேற்றிய காற்று அதே வழியில் உள்ளே உறிஞ்சப்படும். மொத்த வேலையும் இந்த ஒரு வரிசையில்தான் இருக்கிறது.

இளையவன் தானே கீழே படுப்பதாகச் சொன்னான். அப்பா மறுத்தார். "ஓட்டறவன் கால்தான் பெடல்ல இருக்கோணும். அது எப்ப மெத்துங்குது, எப்ப கெட்டியாகுதுன்னு அவனுக்குத்தான் தெரியும். அம்மிணி கீழ போகட்டும்." ஆகவே மூத்தவள் பழைய சுடிதாரோடு, சாக்கு விரித்து, வண்டிக்கடியில் படுத்தாள். படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்; ஆயில் கண்ணில் பட்டால் எரியும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டோம்.

எங்கே தொடங்குவது என்பதற்கும் முறை உண்டு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருப்பது முதலில். நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால், பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடக் கூடாது என்பதையும் அப்பா நினைவூட்டினார். எங்கள் வண்டியின் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே பாரத்தை உணரும் வால்வு ஒன்று இருக்கிறது. வெறும் வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காதிருக்க, அது பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரம் ஏறினால் கூட்டிவிடும். அச்சு தொங்கினால், வண்டியில் பாரமே இல்லை என்று எண்ணி அது வழியை அடைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை முறை மிதித்தாலும் பின்பக்கத்துக் காற்று முழுசாக வராது.

இன்னொன்றும் சொன்னார். பெடலின் அடியில் ஒரு பலகைத் துண்டு வைக்கச் சொன்னார். பழைய வண்டியில் பிஸ்டன் இத்தனை வருடமாகப் போய்வந்த தூரம் மட்டும் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும் அவசரத்தில் தரைவரை மிதித்தால் ரப்பர் வாஷர் அந்தப் புதிய இடத்தில் உரசிக் கிழிந்துவிடும். ஒரு பழுதை நீக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரே போய்விடும். போகாத தூரத்துக்குப் பழையதைத் தள்ளக் கூடாது என்றார்.

பின் இடது சக்கரத்தில் முதல் திறப்பில் கறுப்பாக ஆயில் வந்தது. அடுத்ததில் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, நுரை, பிறகு வரிசையாகக் குமிழ்கள். மீன்தொட்டிக்குக் காற்றுக் கொடுக்கும் குழாயைத்தான் வாங்கி வந்திருந்தோம். அதன் வழியே காற்று போவதும், அதைக் கண்டு நாங்கள் மகிழ்வதும், வேடிக்கையாக இருந்தது. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை இளையவன் இறங்கிப்போய்க் கிண்ணத்தில் புது ஆயில் ஊற்றினான். கிண்ணம் வற்றிவிட்டால் மேலிருந்தே காற்று இறங்கிவிடும். பிறகு எல்லாம் முதலிலிருந்து. கறுப்பு மெல்ல மெல்ல பழுப்பாகி, மஞ்சளாகி, குமிழில்லாமல் ஒழுகியது. ஒரு சக்கரத்தை முடித்துவிட்டோம் என்ற பெருமையோடு வலப்பக்கம் போனோம்.

அங்கேதான் தவறியது. தெருமுனை மாரியம்மன் கோவிலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நிப்பிளைத் தளர்த்தியபோது ஸ்பேனர் வழுக்கியது. "விடாதே!" என்று கீழிருந்து மூத்தவள் கத்தினாள். மேலே இளையவன் காலை எடுத்துவிட்டான். குழாயிலிருந்த ஆயில் பின்னோக்கி ஓடி உள்ளே மறைவதை அவள் கண்ணால் பார்த்தாள். அதன் பின்னாலேயே, மாட்டிய இடத்தில் சற்றே விலகியிருந்த குழாயின் வாய்வழியாகக் காற்றும் போயிற்று.

"ஏன்டா விட்டே?"

"நீதானே விடச் சொன்னே!"

"விடாதேன்னு சொன்னேன்."

"எனக்கு 'விட'தான் கேட்டுது."

இருவர் சொன்னதும் உண்மை. தமிழ் வினையில் வேர் முன்னால் வருகிறது. அதை இல்லை என்று மறுக்கும் உருபு பின்னால் வருகிறது. 'விடு' என்பதும் 'விடாதே' என்பதும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. வால் அறுந்துபோனால் தடுக்கிற சொல் ஏவுகிற சொல்லாகிவிடும். எதிர்மறை வினையை ஆண்டுதோறும் கரும்பலகையில் பகுத்துக் காட்டுகிறவள், அந்த இலக்கணத்தின் விலையை வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து அறிந்தாள்.

அதோடு நின்றிருந்தால் இலக்கணமாகவே இருந்திருக்கும்.

"எப்பவுமே நீ சொல்றதுல பாதிதான்க்கா வந்து சேருது. மிச்சத்த நாங்களா நெனச்சுக்கணும்" என்றான் இளையவன்.

"நீ மட்டும் மலையில நடந்ததை முழுசாச் சொன்னியா?"

"சொன்னா வித்துடுன்னு சொல்லுவே. வித்துட்டு நான் என்ன பண்றது? உன் காலேஜ் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கறதா?"

"செத்துப்போயிருந்தா என்னடா பண்ணியிருப்போம்? அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிச்சிருப்பேன்?"

ஒலிபெருக்கிக்கு மேலாகக் கத்தியதால் தெருவே கேட்டிருக்கும். பல நாள் உள்ளே கிடந்தது அந்த ஐந்து நிமிடத்தில் வந்தது. சொல்லக் கூடாதவையும் இருந்தன; அவற்றை இங்கே எழுதவில்லை. அப்பா இரண்டு பேரும் ஓயும்வரை காத்திருந்து, "சண்டைய அப்பறம் வெச்சுக்கங்க. நிப்பிளை மூடுனீங்களா, இல்லையா?" என்றார். மூடியிருக்கவில்லை. ஆயில் சாக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் விதி ஒன்று வகுத்தார். 'விடு', 'விடாதே' இரண்டும் இனி வேண்டாம். மேலிருப்பவன் "பிடிச்சிருக்கேன்" என்றால்தான் கீழிருப்பவள் திறக்க வேண்டும். கீழிருப்பவள் "மூடியாச்சு" என்றால்தான் மேலிருப்பவன் காலை எடுக்க வேண்டும். சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வேறு பேச்சு கூடாது.

"பிடிச்சிருக்கேன்."

"பிடிச்சிருக்கே. திறக்கறேன்."

"இறங்கிருச்சு."

"மூடியாச்சு."

"மூடியாச்சு. எடுக்கறேன்."

மூன்று சக்கரங்களுக்கும் இதையே நூறு முறையாவது சொல்லியிருப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை; இடையில் வண்டி இருந்தது. குரல் மட்டும்தான். அவன் பிடித்திருக்கிறான் என்று அவன் சொன்னதை நம்பித்தான் அவள் திறந்தாள். மூடிவிட்டாள் என்று அவள் சொன்னதை நம்பித்தான் அவன் காலை எடுத்தான். எங்களுக்குள் இவ்வளவு நேரம் ஒருவர் சொல்லை ஒருவர் சந்தேகிக்காமல் பேசிக்கொண்டது சிறுவயதுக்குப் பிறகு அன்றுதான்.

*

முன் வலது சக்கரமும் முடிந்தது. பெடல் பாதி தூரத்திலேயே நின்றது. எஞ்சினைப் போட்டபோது பூஸ்டர் உதவியால் சற்றே தணிந்து, பிறகு அசையாமல் நின்றது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். தெறித்திருந்த ஆயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம்; விட்டால் பெயின்டைத் தின்றுவிடும்.

"என்னைக் கொஞ்சம் உக்கார வைங்க" என்றார் அப்பா. எட்டு ஆண்டுகளாக அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை. கைத்தாங்கலாக ஏற்றினோம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலை மிதித்தார். ஒருமுறை, இன்னொருமுறை, பிறகு அப்படியே பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். கண்ணை மூடியிருந்தார். அந்தக் கண்களுக்குத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் பெரிய வேறுபாடில்லை.

"கீழ எறங்கல. அது நல்லது. ஆனா தொடக்கத்துல கொஞ்சம் நெகிழுது. முன்னால எங்கியோ ஒண்ணு ரெண்டு இருக்கு. எடது பக்கம் திரும்பப் பாருங்க."

எங்கள் இருவர் காலுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பசி வேறு. ஆனாலும் மறுபடி படுத்தாள் ஒருத்தி. மறுபடி ஏறினான் ஒருவன். மூன்றாம் திறப்பில், தெளிந்த மஞ்சள் ஆயிலுக்கு நடுவே, கடுகளவில் இரண்டு குமிழ்கள் குழாயில் ஏறி வந்தன.

மாலையில் வந்த மேஸ்திரி பெடலை மிதித்துப் பார்த்தார். தெருவில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தார். நிப்பிள்களை ஒவ்வொன்றாகத் தொட்டு முறுக்கம் பார்த்தார். "பரவால்லீங்க" என்றார். நீல நோட்டில், 2016ஆம் ஆண்டு வரிக்குக் கீழே, இளையவன் தேதியிட்டு எழுதினான். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது. மூத்தவள் திருத்தவில்லை.

*

அடுத்த வாரம் வெறும் வண்டியில் மலையேறினோம். அந்த மாணவியின் தகப்பனார் வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரவைத்து மிளகுக் கஷாயம் கொடுத்தார். நடந்ததற்குக் காரணம் ஆயில் மாற்றாததுதான் என்றும், அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்றும், அதற்குப் பிறகும் நாலு நடை அவரை ஏற்றிவந்தது பெரிய தவறு என்றும் இளையவன் அவரிடம் சொன்னான். இனி யாரும் பாரத்தின்மீது உட்கார வேண்டாம், கேபினில்தான் வர வேண்டும் என்பதையும் சொன்னோம். அது முதலிலிருந்தே அப்படி இருந்திருக்க வேண்டியது. அவர் கஷாய டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலாமுங்க" என்றார்.

இரண்டு வாரம் வரவில்லை. பாரம் மட்டும் ஏற்றிக்கொடுத்தார். மூன்றாம் வாரம் கேபின் கதவைத் திறந்து, துண்டை உதறி, ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வண்டியை விற்பது பற்றி எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த எஃப்.சி. வரை பார்ப்போம் என்று வைத்திருக்கிறோம். இப்போதைக்கு அந்தப் பேச்சை எடுக்கும்போது கத்துவதில்லை.

அவர் வழியில் பேசிக்கொண்டுதான் வருகிறாராம். பலா விலை, மகளின் படிப்பு, மழை. ஆனால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவு வரும்போதும், பெடல் எதுவும் இல்லாத அந்தப் பக்கத்துத் தரையில், அவருடைய வலது கால் தானாக அழுந்துகிறது என்று தம்பி சொன்னான். அந்தச் சமயங்களில் தான் ஒன்றும் பேசுவதில்லை என்றும், முன்கூட்டியே கியரை இறக்கிவிடுவதாகவும் சொன்னான்.